போணிக்காக வாங்கிய சாமான்கள்

மலருக்கும் குமரனுக்கும் அப்பா எழுதுவது.

நான் பினாங்குக்குக் கிளம்பிய அன்று அறந்தாங்கி பேருந்து நிலையத்தில் மலர் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, அங்க கடை வச்சா நீங்க அங்கயே இருந்துடுவீங்களா?" நடத்துநர் விசில் ஊதிவிட்டார். "பாத்துட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் போனில் பேசும்போதெல்லாம் நீ அதைக் கேட்கவே இல்லை. குமரன்தான், "இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று தினமும் கேட்டான். ஊர் திரும்பும் விமானத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். சாப்பாடும் வரும், பதிலும் வரும்.

விஷயம் உங்களுக்கு ஓரளவு தெரியும். நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடையை முதலாளி மூடப் போகிறார். அவருடைய பிள்ளைகளுக்குப் பாத்திரத்தில் ஆசை இல்லை. மீசை முளைக்காத வயதிலிருந்து அந்தக் கடையில் நின்றவன் நான். இனிமேல் இன்னொருவர் கடையில் போய் நிற்பதற்குப் பதிலாகச் சொந்தமாகச் சின்னதாக ஒன்று வைக்கலாம் என்று நானும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பினாங்கிலிருந்து அத்தை போன் செய்தார். அவர்கள் பிளாட்டின் கீழே ஒரு கடை காலியாகிறது, மாமா வேலையிலிருந்து ஓய்வு பெறப் போகிறார், நான் வந்தால் சேர்ந்து பாத்திரக் கடை வைக்கலாம் என்றார். பெர்மிட் கிடைத்து அங்கே போனால் ஊருக்கு வருவது இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான்.  அம்மா கழுத்துச் சங்கிலியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதை விற்றுத்தான் என் பங்கைப் போட வேண்டும்.

ஆகவே, சரக்கு எங்கே கிடைக்கும், என்ன விலை, வாடகை என்ன, கையில் என்ன நிற்கும் என்று விசாரித்துவிட்டு முடிவு சொல்வதாகப் போனேன்.

செவ்வாய்க்கிழமை போய் இறங்கினேன். மாமா விமான நிலையத்துக்கு வந்திருந்தார். அவர்கள் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாம் போகும் வழியெல்லாம் மலை கூடவே வந்தது. நம் ஊரில் மலை பார்க்க வேண்டுமென்றால் பேருந்து பிடிக்க வேண்டும். அங்கே துணி காயப் போடும் கம்பிக்குப் பின்னால் மலை நிற்கிறது.

அத்தை கதவைத் திறந்ததும் கேட்ட முதல் வார்த்தை, "பசியாறிட்டியா தம்பி?" அங்கே காலைப் பலகாரம் சாப்பிடுவதற்குப் பசியாறுவது என்று பேர். எவ்வளவு நல்ல வார்த்தை பாருங்கள். விமானத்தில் கொடுத்தார்கள் என்றேன். "அது சாப்பாடாலா? உக்காரு" என்று தட்டை வைத்துவிட்டார். அங்கே பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' ஒட்டிக்கொள்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆன்ட்டி. நடைபாதையில் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அடுப்பில் ஒரு குண்டுச் சட்டி. மூடியின் நடுவில் பிடி இல்லை. அந்த ஓட்டையில் போத்தல் தக்கையைச் செருகி நூலால் கட்டியிருந்தார். பாத்திரக் கடைக்காரன் கண் அங்கேதான் போகும். வேறு எதைப் பார்த்தேனோ இல்லையோ, அந்தத் தக்கையைப் பார்த்தேன்.

சாயங்காலம் மாமா கீழே கூட்டிப்போய்க் கடையைக் காட்டினார். இரும்புக் கதவு, உள்ளே சிமெண்டுத் தரை, சுவரில் பழைய காலண்டர் தொங்கிய ஆணி. "எப்படி தம்பி?" என்றார் மாமா. "நல்லாருக்கு அத்தான்" என்றேன். "தவுக்கே திங்கக்கிழமைக்குள்ள பதில் கேக்குறான்" என்றார். முதலாளியை அங்கே தவுக்கே என்கிறார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு சீனர். முன்பணமும் வாடகையும் கேட்டபோது மனசுக்குள் அம்மாவின் சங்கிலியை எடை போட்டுப் பார்த்தேன். ஆனாலும் மறுபடி, "நல்லாருக்கு அத்தான்" என்றேன். மாமாவும், "ஆமா, நல்லாருக்கு" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

புதன்கிழமையிலிருந்து என் வேலை தொடங்கியது. மாமாவுக்கு மாக் மண்டினில், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொழிற்பேட்டையில் வேலை. விடிந்தும் விடியாமலும் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, அதையும் ஏற்றிக்கொண்டு ஃபெரியில் போவார். வழியில் என்னைப் படகுத்துறை பக்கம் இறக்கிவிடுவார். அந்த நேரத்தில் டவுனில், அதாவது ஜார்ஜ் டவுனில், எந்த மொத்த வியாபாரியும் கடை திறப்பதில்லை.

அதனால் முதலில் பசியாறினேன். குமரா, கேட்டுக்கொள். ரொட்டி சானாய் என்று ஒன்று. நம் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி. கொஞ்சம் மெலிந்தவன், மொறுமொறுப்பானவன். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு, மேலே கொஞ்சம் மீன் குழம்பு. தே தாரிக் என்பது நம் ஊர் ஆற்றிய டீதான், ஆனால் கெட்டிப் பால் போட்டுத் தித்திப்பாக. டீ ஆற்றியவர் கையை உயர்த்தியபோது, முன்னால் நின்ற என் சட்டையில் படும் என்று பின்வாங்கினேன். "பயப்படாதீங்கண்ணே, இதுவரைக்கும் யாரையும் குளிப்பாட்டினது இல்ல" என்றார்.

பிறகு லிட்டில் இந்தியா, நம் ஆட்களின் கடைத்தெரு. கடைகளுக்கு முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும்படி கூரை போட்ட நடைபாதை நீளமாகப் போகிறது. அஞ்சடி என்கிறார்கள். ஒரு பாத்திர மொத்தக் கடையின் அஞ்சடியில் உட்கார்ந்திருந்தேன். கடைக்கார பாய் வந்து கதவைத் தூக்கினார், வாசலில் தண்ணீர் தெளித்தார், சாம்பிராணி காட்டினார். அவர் மேசையில் உட்காருவதற்கும் நான் உள்ளே போவதற்கும் சரியாக இருந்தது.

இட்லிப் பானை என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். குடம்? சொன்னார். அடுக்கு டப்பா? சொன்னார், ஆனால் குரல் இறங்கியது. தூக்குவாளி கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் விசிறியைப் பார்த்தார். வழியில் விசாரித்தவர்கள் நல்ல மனிதர் என்றார்களே, ஏன் இப்படி என்று யோசித்துக்கொண்டே, "சரிங்க பாய், வரேன்" என்று கிளம்பினேன்.

"அண்ணே, நில்லுங்க" என்றார். "ஊர்ல என்ன தொழில்?"

"பாத்திரக் கடையில்தாங்க வேலை."

"எத்தன வருஷமா?"

"விவரம் தெரிஞ்ச நாளா."

"அப்புறமா இது தெரியல? கடையத் தொறந்து மொத ஆளு நீங்க. நாலு சாமானுக்கு வெல கேட்டுட்டு வெறுங்கைய வீசிட்டுப் போறீங்க. இன்னிக்குப் பூரா நான் ஈ ஓட்டவா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. போணி! நம் கடையில் காலையில் ஒருவர் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் முதலாளி என்ன பாடு படுத்துவார் என்று வீட்டில் வந்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! கல்லாப் பக்கமே நின்று பழகியவன், வாங்குகிற பக்கம் வந்ததும் மறந்துவிட்டேன்.

உடனே திரும்பி, கடையில் இருப்பதிலேயே மலிவு எது என்று தேடினேன். ஒரு டப்பா நிறையக் கறுப்பாக மூடிக் குமிழ்கள், திருகாணியோடு. பாத்திர மூடியின் நடுவில் பிடிப்பதற்கு இருக்குமே, அது. ஒன்றை எடுத்துக் காசைக் கொடுத்தேன். பாய் காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். அவ்வளவுதான், ஆள் மாறிவிட்டார். நாற்காலி வந்தது, டீ வந்தது. "இப்ப கேளுங்க. எது வேணாலும் கேளுங்க."

கேட்டேன். அவர் எழுந்து பின்னால் போய் ஒரு அட்டைப் பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். "இதப் படிங்க." பெட்டியின் மேல் சேலத்துப் பட்டறை ஒன்றின் பெயர். எங்கள் முதலாளி சரக்கெடுக்கும் அதே பட்டறை! நான் எத்தனை பெட்டியை முதுகில் தூக்கியிருக்கிறேன். கடல் தாண்டி வந்து அதன் முகத்திலேயே விழித்தேன்.

"இது கப்பல் ஏறி, வரி கட்டி, எங்கிட்ட வருது" என்றார் பாய். "எங்கிட்டேர்ந்து நீங்க வாங்கி ஆயர் ஈத்தாம்ல விக்கப் போறீங்க. வாடக, கரண்டு, பெர்மிட்டுச் செலவு, எல்லாம் போக என்ன நிக்கும் தெரியுமா?"

"என்ன நிக்கும்?"

"நீங்க நிப்பீங்க."

சிரித்துவிட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்ததும் அடுத்த கவலை வந்தது. அத்தையிடமும் மாமாவிடமும் இதை எப்படிச் சொல்வது?

அன்று ராத்திரி மாமாவிடம் போணி கதையை மட்டும் சொன்னேன். "சீனனுக்கும் அது உண்டு தம்பி. காலைல மொத ஆளு வாங்காமப் போனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்" என்றார். எனக்கோ மாமா இறக்கிவிடும் நேரத்தால் எந்தக் கடைக்குப் போனாலும் முதல் ஆள் நான்தான். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். திறந்ததும் நுழைந்தால், முதலில் இருப்பதில் மலிவாக ஒன்றை வாங்கிவிடுவது, பிறகு வாயைத் திறப்பது.

வியாழக்கிழமை சீனர்களின் கடைத்தெரு. ஒரு கடையில் மூங்கில் பிடி போட்ட கம்பிக் கரண்டி வாங்கினேன், மீ என்கிற நூடுல்ஸைக் கொதிக்க வைத்து அள்ளுவது. பூரி எடுக்கத் தோதாக இருக்கும். இன்னொன்றில் டீ வடிகட்டும் துணிப்பை. மூன்றாவது கடைதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

அங்கே பாத்திரமே இல்லை. கூரையிலிருந்து தரை வரை சின்னச் சின்ன சாமான் மட்டும் தொங்குகிறது. குக்கர் கைப்பிடி, ரப்பர் வளையம், மூடிக் குமிழ், சல்லடை, தேங்காய்த் துருவியின் பல், பலகார அச்சு. கடைக்காரம்மா ஒரு நடுவயதுச் சீனப் பெண். நான் ஐந்து மூக்குள்ள ஒரு சின்னக் குவளையை எடுத்தேன். விலையைக் கால்குலேட்டரில் அழுத்திக் காட்டினார். இது எதற்கு என்று கையால் கேட்டேன். அவர் கையை வட்டவட்டமாகச் சுற்றிக் காட்டினார். கோலம் போடுகிற மாதிரி இருந்தது.

பின்னால் நின்ற ஒரு தமிழ் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கழுத்தில் சிலுவை போட்டிருந்தார், பள்ளிக்கூட டீச்சராம். "ரொட்டி ஜாலா ஊத்துறதுண்ணே. மாவ ஊத்தி இப்படிச் சுத்துனா வலை மாதிரி வரும். கோழிக் கறி வச்சுச் சாப்பிடணும்" என்றார். அவர் குக்கர் கைப்பிடி வாங்க வந்தவர். "இந்தக் கடை மட்டும் இல்லன்னா எங்க வீட்டுப் பாதிச் சட்டி குப்பைக்குத்தான் போயிருக்கும்லா."

கடைக்காரம்மா மலாயில் ஏதோ சொன்னார். டீச்சர் சொல்லித் தந்தார்: "பெரிய சட்டி விக்கிறவன்கிட்ட வருஷத்துக்கு ஒரு தடவ போவாங்களாம். இவங்ககிட்ட வாரத்துக்கு ஒரு தடவ வருவாங்களாம்."

ஓரமாக நின்று பார்த்தேன். ஆள் வந்துகொண்டே இருந்தது. எனக்கு நம் கடை ஞாபகம் வந்தது. மூடிக் குமிழ் இருக்கா, கைப்பிடி இருக்கா என்று எத்தனை பெண்கள் வந்து கேட்டிருப்பார்கள்! "தனியா வராதும்மா, புதுசாவே வாங்கிக்கங்க" என்று சொல்லத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் புதுசு வாங்கவில்லை. அடுத்த தடவை புதுக்கோட்டைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார்கள்.

அன்று திரும்பும்போது பேருந்தில் ஒரு கூத்து. அங்கே நடத்துநர் கிடையாது. ஓட்டுநர் பக்கத்தில் ஒரு பெட்டி, காசை அதில் போட வேண்டும். நான் பத்து வெள்ளி நோட்டைப் போட்டுவிட்டு மீதிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். வெள்ளி என்றால் அங்கே ரிங்கிட். ஓட்டுநர் நம் ஆள்தான். "அண்ணே, பெட்டிக்குள்ள போனா போனதுதான். சில்லற கிடையாதுலா" என்றார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, "சரி, இப்படி வாசல்ல நில்லுங்க. இனி ஏறுறவங்க காச உங்க கையில குடுக்கச் சொல்றேன். உங்க மீதி வந்ததும் போய் உக்காருங்க" என்றார்.

அப்புறம் என்ன, உங்கள் அப்பா பினாங்கில் கண்டக்டர் ஆனார். ஏறுகிறவர்கள் எல்லாம் என் கையில் சில்லறை வைத்தார்கள். ஒரு மலாய்ப் பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்டார். முக்கால்வாசிப் பேர் அட்டையைத் தட்டிவிட்டுப் போனதால் வசூல் மெதுவாகத்தான் ஆயிற்று. மீதி சேர்ந்து நிமிர்ந்து பார்த்தால் ஆயர் ஈத்தாம் போய்விட்டது. பேருந்து மலை ரயில் அடிவாரத்தில் நிற்கிறது. ஐந்து மூக்குக் குவளையோடு இறங்கி, வந்த வழியே நடந்தேன்.

வெள்ளிக்கிழமை மாமாவோடு நானும் ஃபெரியில் ஏறினேன். மாக் மண்டினில் மூடியும் தட்டும் அடிக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது, நேராக அங்கேயே சரக்கெடுத்தால் மலிவு என்று மாமா யோசனை. ஃபெரிக் காற்று முகத்தில் அடித்தது. மாமா வண்டியிலிருந்து இறங்கி, கம்பியில் சாய்ந்து, ஒரு முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீரில் தூண்டில் போட்டிருந்த ஒரு படகைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். "ரிட்டயர் ஆனா தெனம் தூண்டிலோட உக்காரணும்னு இருந்தேன்" என்றார். பிறகு சட்டென்று, "அதுக்கென்ன, கடை முக்கியம்" என்றார்.

பட்டறைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஒரே அளவில் லாரி நிறைய எடுத்தால்தான் அந்த விலை. எங்கள் கடைக்குள் அந்த மூடிகளை அடுக்கினால் நாங்கள் வெளியே நிற்க வேண்டியதுதான்.

மத்தியானம் மாமாவின் கூட்டாளிகளோடு நாசி கண்டார். சோற்றின் மேல் நான்கு வகைக் குழம்பையும் கலந்து ஊற்றித் தருகிறார்கள். நம் வீட்டில் அப்படிக் கலந்தால் அம்மா தட்டைப் பிடுங்கிவிடுவாள். அங்கே அதுதான் ருசியே. ஒருவர் மாமாவைச் சீண்டினார்: "என்னண்ணே, தவுக்கே ஆகப் போறீங்களாமே? எங்களுக்கெல்லாம் கடன் உண்டா?" மாமா சிரித்தார். ஆனால் வாய் மட்டும்தான் சிரித்தது.

சனிக்கிழமை அத்தை என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இரும்புக் கடையே வச்சிருக்கியா?" என்று மேசையில் கொட்டினார். குமிழ், கம்பிக் கரண்டி, வடிகட்டி, சல்லடை, வெல்லம் சீவும் கத்தி, எல்லாம் உருண்டன. நான் போணி கணக்கைச் சொன்னதும் அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கடை வைக்கும் முன்னாடியே ஊரான் கடைக்கெல்லாம் போணி பண்ணிட்டு வந்திருக்கான் பாரு!"

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அத்தையின் தோழிகள் இரண்டு பேர் வந்தார்கள். மேசையைப் பார்த்தார்கள். அத்தை கொடுத்த காபியை யாரும் தொடவில்லை. "இந்தச் சல்லட எங்க கெடச்சிச்சு?" "இந்தக் கத்தி எனக்கு." கண்மூடித் திறப்பதற்குள் பாதி காலி. ஐந்து மூக்குக் குவளையை மட்டும் அத்தை விடவில்லை. அன்று ராத்திரி ரொட்டி ஜாலா. மஞ்சள் வலையை மடித்துக் கோழிக் குழம்பில் நனைத்துச் சாப்பிட்டோம். குமரா, உனக்காக ஊரில் செய்து காட்டுகிறேன் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

"அப்போதே நினைத்துக்கொண்டேன்" என்று எழுதும்போதுதான் தெரிகிறது, என் மனம் அதற்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது. ஆனால் வாய் வரவில்லை. வா என்று கூப்பிட்ட அக்காவிடம், வரவில்லை என்று எப்படிச் சொல்வேன்? அத்தை எனக்காக ஒரு அறையை ஒழித்து வைத்திருந்தார். அதில் புதுத் தலையணை.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். முருகனிடம் கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை பதில் சொல்லலாம் என்று அத்தையின் ஏற்பாடு. படிகள் பளபளவென்று இருக்கின்றன. ஆனால் படிதானே, ஏறித்தான் ஆக வேண்டும். பாதி வழியில் மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முழங்கால். அத்தையும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தோம். கீழே ஜார்ஜ் டவுனும் அதற்கு அப்பால் கடலும் தெரிந்தன.

மாமா மூச்சு வாங்கிக்கொண்டே, "தம்பி, சாமி சந்நிதிக்குப் போறதுக்குள்ள ஒண்ணு கேட்டுடறேன். உனக்கு நெஜமாவே இங்க வரணும்னு ஆசையா?" என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். "அக்கா கூப்பிட்டாங்க. நீங்களும் ரிட்டயர் ஆகுறீங்க, ஒத்தாசைக்கு ஆள் வேணும்னு..."

"எனக்கா?" என்றார் மாமா. "எனக்கு எதுக்குலா கடை? இந்த முட்டிய வச்சுக்கிட்டு நாள் பூரா நிக்கவா? ஒன் அக்காதான், தம்பிக்கு வேல போகுது, நாமதான் பாக்கணும்னு சொன்னா. சரின்னேன்."

"நான் எப்பங்க சொன்னேன்?" என்று அத்தை திரும்பினார். "நீங்கதான் ஓய்வுல சும்மா உக்காந்தா ஒடம்பு கெட்டுரும்னு பயந்தீங்க. தம்பி கூட இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். அவனும் நல்லாருக்கு, நல்லாருக்குன்னுதான் சொன்னான்."

"நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொன்னேங்க்கா."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் மாமாதான் சிரித்தார். அப்புறம் எங்களால் நிறுத்த முடியவில்லை. பால்குடத்தோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனது. பாய் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கதையை அப்போதுதான் சொன்னேன். "நீங்க நிப்பீங்கன்னா சொன்னாரு?" என்று மாமா மறுபடி மறுபடி கேட்டுச் சிரித்தார். ஊரிலேயே சின்னதாக ஒன்று வைக்கப் போவதையும் சொன்னேன்.

கொஞ்சம் கழித்து அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீ வரமாட்டே" என்றார். சிரித்த கண்ணீர்தான். ஆனால் முழுக்கச் சிரித்த கண்ணீர் இல்லை. "கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து எங்க ஆளு ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்னு ஒரு ஆச. அவ்ளோதான்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் பரீட்சை முடிந்ததும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். கொடுத்த வாக்கு அது, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

மேலே போய்க் கும்பிட்டோம். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நன்றி மட்டும் சொன்னேன். மேலே ஏறியபோது இருந்த கனம் இறங்கும்போது இல்லை. மாமாவின் முழங்கால்கூடக் கொஞ்சம் வளைந்த மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை மாமா தவுக்கேவுக்குப் போன் போட்டார். எப்படிச் சொல்வது என்று இரண்டு தடவை ஒத்திகை வேறு பார்த்தார். அந்தப் பக்கம், "ஓகே லா" என்றார்கள். போனை வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். இதற்காகவா ஒரு வாரம் தூக்கம் கெட்டோம் என்று மாமா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி. கையில் அந்தக் குண்டுச் சட்டியின் மூடி, தக்கையோடு. அத்தையின் தோழிகள் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். மலாயில் பேசினார், அத்தை எனக்குச் சொன்னார்: "இந்தச் சட்டி அவங்க மாமியார் குடுத்ததாம். புது மூடி எதுவும் பொருந்தலையாம். ஒங்கிட்ட எதாச்சும் இருக்கான்னு கேக்குறாங்க."

புதன்கிழமை பாய் கடையில் வாங்கிய குமிழ் பையின் அடியில் கிடந்தது. எடுத்தேன். தக்கையை உருவி, ஓட்டையில் திருகாணியை விட்டு, மாமாவின் திருப்புளியால் இறுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆன்ட்டி மூடியைத் தூக்கினார், வைத்தார், தூக்கினார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம்னு சொல்லுங்கக்கா" என்றேன்.

அத்தை சொன்னார். ஆன்ட்டி கோபமாக ஏதோ சொல்லி, நோட்டை என் சட்டைப் பையிலேயே திணித்துவிட்டார்.

"என்னக்கா சொல்றாங்க?"

"ஊர்ல கடை வைக்கப் போறவன், மொத ஆளுக்கே சும்மா குடுத்தா யாவாரம் எப்படி ஓடும்னு கேக்குறாங்க."

அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அதுதான் மலர், நம் கடையின் போணி. நம் கடை பெரிய பாத்திரக் கடை இல்லை. குமிழும் கைப்பிடியும் சல்லடையும் அச்சும் தொங்குகிற சின்னக் கடை. முக்கால்வாசிச் சரக்கு மதுரையிலும் சேலத்திலும் கிடைக்கிறது. பினாங்குச் சாமான் கொஞ்சத்தை ஊருக்கு வருகிறவர்களிடம் அத்தை கொடுத்தனுப்புவார். அம்மாவின் சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கும்.

ஆன்ட்டி கொடுத்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கடை திறக்கும் அன்று கல்லாவில் முதலில் விழ வேண்டியது அது. அதை நீதான் போட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் வந்தால் போதும். கடைக்கு உன் பள்ளிக்கூடத்துத் தெருவைத்தான் மனசில் வைத்திருக்கிறேன்.